கல்கத்தா அக்காவின் ரெண்டு கதவு

அந்த அக்கா வூட்டு முன்கதவு சாத்தியிருந்தால் அக்கா தோட்டத்துப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். முன்கதவு திறந்திருந்தால் பின்கதவில் தாழ்ப்பாள் விழுந்திருக்கும். ரெண்டும் ஒரே நேரத்தில் திறந்து எங்கள் தெருவில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

எங்கள் தெரு விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரே சுவரில் ஒட்டிக் கட்டின பத்து ஓட்டு வூடு. எல்லாம் வாடகை வூடுதான். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, நடுவில் ரெண்டு அறை. சித்திரை வைகாசியில் ஓடு காய்ந்து கொதிக்கும். ரெண்டு கதவையும் திறந்து போட்டால்தான் கொஞ்சம் காற்று ஓடும். ஒன்பது வூட்டில் தெருவிலிருந்து பார்த்தால் பின்னால் இருக்கும் முருங்கை மரம் தெரியும். அக்கா வூட்டில் மட்டும் தெரியாது.

"எக்கா, ரெண்டையும் திறந்து வுடேன். உள்ள வெந்து சாவுற" என்று ஒருநாள் சொன்னேன்.

"திறந்தா ஆறு உள்ள வந்துரும்டி."

"எந்த ஆறு? மணிமுத்தாறா? அதுல மாடு மேயுது."

"வராதுன்னு நீ கையெழுத்துப் போட்டுக் குடு, திறக்குறேன்."

அப்போது எனக்கு என் பேரை எழுத மட்டும் தெரியும். கம்பெனியில் கைநாட்டு வைக்கக் கூடாது என்று வைராக்கியமாக அந்த ஏழு எழுத்தைக் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் பிறகு எழுத்துக் கூட்டிப் படித்ததுதான். அந்தக் கையெழுத்தைத்தான் அக்கா கிண்டல் பண்ணியது. நானும் விடுகிற ஆள் இல்லை. "கொண்டா பேனாவ" என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே முன்கதவைச் சாத்திவிட்டுத் துணி காய்ந்ததா என்று பார்க்கத் தோட்டத்துக்குப் போய்விட்டது.

அக்காவுக்கு ஒரு பேர் இருந்தது. தெருவில் யாரும் கூப்பிட்டதில்லை, அதனால் நானும் இங்கே எழுதவில்லை. கல்கத்தா அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தது நல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணம் ஆன கையோடு வூட்டுக்காரர் கல்கத்தாவுக்கு அழைத்துப் போய்விட்டார். முப்பது வருஷம் கழித்து அவர் செத்த பிறகு ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தது. ஊரில் தம்பி பொண்டாட்டிக்கும் இதுக்கும் ஒத்துவரவில்லை. தம்பிதான் எங்கள் தெருவில் என் வூட்டுக்கு அடுத்த வூட்டைப் பிடித்துக் குடுத்தார்.

வந்த மூன்றாம் நாளே எனக்கும் அதுக்கும் சண்டை.

நான் கம்பெனியில் கப்புக்குக் காது ஒட்டுகிறவள். அச்சிலிருந்து எடுத்த கப்பு பச்சையாக இருக்கும்போதே காதைக் குழைத்த மண்மாவு தொட்டு ஒட்ட வேண்டும். கொஞ்சம் காய்ந்துவிட்டால் பிடிக்காது, ரொம்ப ஈரமாக இருந்தால் சூளையில் விட்டுவிடும். நான் ஒட்டின காது கழன்றது என்று ஒருத்தர் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. மற்றவளுங்களுக்கு நூற்றுக்கு ஐந்து ஆறு போகும். எனக்கு ஒன்று போனால் அன்றைக்குச் சோறு இறங்காது.

புதுசாக வந்தவர்களாச்சே என்று நான் ஒட்டின கப்பு ஒன்றில் டீ போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன். அக்கா காதைத் தொடவே இல்லை. கப்பின் வாய்ப்பக்கம் கட்டைவிரலும் நடுவிரலும் வைத்து, உள்ளங்கைக்குள் பொத்தினாற்போலப் பிடித்துக் குடித்தது. காது அந்தப் பக்கம் திரும்பி யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"காது எதுக்கு இருக்குது, அதப் புடிங்க, கை சுடும்" என்றேன்.

"எங்க ஊர்ல கப்புக்குக் காதே கிடையாதும்மா. மண்ணுல செஞ்சிருப்பாங்க. டீ குடிச்சதும் கீழ போட்டு ஒடச்சுருவோம்."

"ஒடச்சுருவீங்களா?"

"ஆமா. ஒருத்தர் வாய் வெச்சத இன்னொருத்தருக்கு எப்படிக் குடுக்குறது?"

நான் கப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பொழுதெல்லாம் குந்தி ஒட்டுகிறவளிடம் வந்து உடைக்கிற கதையைச் சொல்கிறாளே என்று ரெண்டு நாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் அக்காவே வந்தது. கையில் ஒரு டம்ளர் நிறைய இஞ்சி தட்டிப் போட்ட டீ. "உன் கப்புலயே ஊத்திக் குடிப்போம், கொண்டா" என்றது. அப்போதும் காதைப் பிடிக்கவில்லை. சாகிற வரைக்கும் பிடிக்கவில்லை.

அக்கா இருந்த இடத்துக்குக் கிடிர்பூர் என்று பேர். அதைப் பற்றி ஆரம்பித்தால் அரிசி தீய்கிற வாசனை வந்தால்தான் நிறுத்தும். கேட்டுக் கேட்டு எனக்கே பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

கல்கத்தாவில் துறைமுகம் கடலில் இல்லையாம், ஆற்றில் இருக்கிறதாம். அந்த ஆற்றுத் தண்ணீர் நாளுக்கு ரெண்டு தரம் ஏறும், ரெண்டு தரம் இறங்கும். இறங்கினால் பெரிய கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால் ஆற்றுக்குப் பக்கத்தில் குளம் மாதிரி வெட்டி அதுக்குள் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆற்றுக்கும் குளத்துக்கும் நடுவில் நீளமாக ஒரு தொட்டி. ஆற்றுப் பக்கம் ஒரு கதவு, குளத்துப் பக்கம் ஒரு கதவு. கப்பல் ஆற்றுக் கதவு வழியாகத் தொட்டிக்குள் வரும். அந்தக் கதவை மூடுவார்கள். தண்ணீரைச் சமம் பண்ணுவார்கள். பிறகுதான் குளத்துக் கதவைத் திறப்பார்கள். ரெண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் குளத்துத் தண்ணீர் ஆற்றுக்குப் போய்விடும், இல்லை ஆறு உள்ளே வந்துவிடும். அக்காவின் வூட்டுக்காரருக்கு அந்தக் கதவில்தான் வேலை. லாக்கேட்டு என்று சொல்லும் அக்கா.

அந்த லாக்கேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நாக்கு நீட்டின மாதிரி கொஞ்சம் மண். அதில் முப்பது வூடு. நம் ஆளுங்கள் நாலு வூடு, மீதி தெலுங்குக்காரர்கள், பீகார்க்காரர்கள், ஒரு பாய் தையல் கடை, ஒரு டீக்கடை. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் தொட்டி. ஊருக்குள் போக வேண்டுமென்றால் சாத்தியிருக்கிற கதவுக்கு மேலேயே நடந்துதான் போக வேண்டும். கதவின் தலையில் ஒரு ஆள் போகிற அகலத்துக்குப் பலகையும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்குமாம். கதவு திறந்துவிட்டால் அந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் இருப்பவர் இந்தப் பக்கம். கப்பல் தாண்டிப் போய்க் கதவு மூட முக்கால் மணி நேரம் ஆகும்.

"ஒரு தரம் தெலுங்குக்காரங்க வூட்டுக் கல்யாணம். மாப்ள அந்தாண்ட மாட்டிக்கிட்டான். தாலி கட்டுற நேரம் போயிட்டே இருக்குது. பொண்ணோட அப்பன் தொட்டி ஓரம் நின்னு கப்பல்காரன வாயில வந்தபடி திட்டுறான். கப்பல்காரன் சீனாக்காரனோ யாரோ, சிரிச்சுகிட்டே கைய ஆட்டுறான்."

"அப்புறம் தாலி?"

"அய்யரு கெட்டிக்காரரு. கப்பல் போன பொறவுதான் நல்ல நேரமே ஆரம்பிக்குதுன்னுட்டாரு."

சமையல்கட்டு ஜன்னலில் பாதி நேரம் வானம் தெரியும், பாதி நேரம் இரும்பு தெரியும் என்று சொல்லும். சுவர் நடந்து போகிற மாதிரிக் கப்பல் போகுமாம். ஒருநாள் மேலேயிருந்து ஒரு கப்பல்காரன் ஆரஞ்சுப் பழம் ஒன்றைத் தூக்கிப் போட்டானாம். அக்கா பதிலுக்கு ஒரு முறுக்கை வீசியது. "புடிச்சுட்டான்டி!" என்று சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அறுபது வயசுக்காரி முகம் இல்லை அது.

எங்கள் ஊருக்கு வந்தும் அந்தத் தண்ணீர்க் கணக்கு அக்காவை விடவில்லை. அமாவாசையிலிருந்து எண்ணிக்கொண்டு வரும். அங்கே தண்ணீர் ஏறும் நேரம் தினம் முக்கால் மணி தள்ளிப் போகுமாம். கீரை ஆய்ந்துகொண்டிருக்கும், திடீரென்று நிமிர்ந்து, "இந்நேரம் லாக்கேட்டு திறந்திருப்பாங்க" என்று சொல்லும். பிறகு கீரையைப் பார்த்துக் குனிந்துகொள்ளும்.

வூட்டுக் கதவு விஷயத்தை அந்த வேலையிலிருந்து வந்த பழக்கம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். "அங்கயும் இப்படித்தானா உங்க வூட்ல?" என்று கேட்டதுக்கு, "அவரு இருந்த வரைக்கும் எல்லாக் கதவும் பப்பரப்பான்னு தெறந்துதான் கெடக்கும். அதான் வெளிய அவரு இருந்தாரே, பாத்துக்க. இப்ப டூட்டியில யாரு இருக்கா?" என்றது.

அக்காவுக்கு ஒரே பையன். பதினெட்டு பத்தொன்பது வயசில் கப்பலில் வேலைக்குப் போகிறேன் என்று நின்றான். அப்பாவுக்கு இஷ்டம் இல்லை. "கப்பல உள்ள வுடுறதும் வெளிய வுடுறதும்தான் நம்ம வேல. ஏறிப் போறது நம்ம வேல இல்ல" என்று சொல்லிவிட்டார். பையன் ஒருநாள் காலையில், அப்பா டூட்டிக்குப் போன பிறகு, சாப்பிடாமல் கொள்ளாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அக்கா குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். இட்லியை டிபன் டப்பாவில் அடைத்துக்கொண்டு ஓடியது.

ஓடிப் போய்ச் சேரும்போது கதவு நகர ஆரம்பித்துவிட்டது. பையன் அந்தக் கரையில். அக்கா இந்தக் கரையில், டப்பாவோடு. கதவைத் திறந்துகொண்டிருந்தவர் அவன் அப்பாதான்.

"அவரு ரெண்டு பேரையும் பாத்தாரு" என்றது அக்கா. "நிறுத்த முடியாது. கப்பல் வந்து நிக்குது, தண்ணி எறங்க ஆரம்பிச்சா தரை தட்டிரும். அவன் ஒரு தரம் கைய ஆட்டுனான். அப்புறம் கப்பல் குறுக்க வந்துருச்சு. நீளமான கப்பல். அது போயி முடிஞ்சு கதவ மூடுனா அந்தாண்ட ஒரு நாய் மட்டும் நிக்குது."

"அவர நீ ஒண்ணும் கேக்கலையா?"

"எத்தனையோ வருஷம் சேந்து படுத்தோம் எந்திரிச்சோம். அத மட்டும் நானும் கேக்கல, அவரும் சொல்லல."

ரெண்டு கடுதாசி வந்ததாம், எங்கேயோ வெளிநாட்டிலிருந்து. பிறகு இல்லை. வூட்டுக்காரர் செத்துக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும்போது தம்பி விலாசத்தை டீக்கடையில், பாய் தையல் கடையில், முப்பது வூட்டிலும் எழுதிக் குடுத்துவிட்டு வந்திருக்கிறது அக்கா. இங்கே குடி வந்ததும் எங்கள் தெரு விலாசத்தையும் எல்லாருக்கும் கடுதாசியில் எழுதி அனுப்பியிருக்கிறது. "வந்தான்னா அங்கதான் வருவான். அங்க கேட்டா இங்க வந்துருவான்" என்று சொல்லும். யாரிடமும் புலம்பியது கிடையாது. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரிச் சொல்லும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் செய்த காரியத்தைத்தான் இனிமேல் எழுத வேண்டும்.

என் சின்னப் பெண்ணை வேப்பூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் ஒன்பது பேர். என் வூட்டில் ஒரு அறையில் அரிசி மூட்டை, இன்னொரு அறையில் படுத்த படுக்கையாக என் மாமனார். அக்கா வூடு சுத்தமாக இருக்கும், பொருளும் கிடையாது. "உங்க வூட்ல உக்கார வெச்சு டீ குடுத்துருவோம்க்கா" என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். அக்காவும் சந்தோஷமாகத் தலையாட்டியது.

நல்ல உச்சி வெயில். ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு போனால் முன்கதவு சாத்தியிருக்கிறது. அக்கா தோட்டத்தில் விறகு அடுப்பு மூட்டி டீ போட்டுக்கொண்டிருக்கிறது. கதவைத் தட்டினேன். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று குரல் வருகிறது, ஆள் வரவில்லை. டீச்சட்டியை உள்ளே கொண்டுவந்து வைக்க வேண்டும், அடுப்பை அணைக்க வேண்டும், கப்பையெல்லாம் உள்ளே எடுக்க வேண்டும், பிறகு பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும், பிறகுதான் முன்கதவு. வெயிலில் மாப்பிள்ளையோட அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "உள்ள யாரையாச்சும் ஒளிச்சு வெச்சிருக்காங்களா?" என்றது. கூட வந்த ரெண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அக்கா கதவைத் திறந்து, "வாங்க, வாங்க" என்று வாயெல்லாம் பல்லாக நின்றது. சம்பந்தம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அவர்கள் போன பிறகு நான் தெருவில் நின்று கத்தினேன்.

"பைத்தியம் புடிச்ச மாதிரி கதவ சாத்திகிட்டு கெடந்தா யாரு வருவா உன் வூட்டுக்கு? அதான் ஒருத்தரும் வரல!"

சொன்னதும் எனக்கே தெரிந்தது. அக்கா உள்ளே போய் முன்கதவைச் சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் ரோஷம் அப்படி. தப்பு என் மேல் என்று தெரிந்தால்தான் எனக்கு இன்னும் வீம்பு வரும். பதினோரு மாசம் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே சுவர். அந்தப் பக்கம் அக்கா இருமுவதும் இந்தப் பக்கம் நான் இருமுவதும் ரெண்டு பேருக்கும் கேட்கும்.

அந்தப் பதினோரு மாசத்துக்குள் ஒருநாள், காலை பதினோரு மணி இருக்கும். கம்பெனி லீவு. நான் வாசல்படியில் குந்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் வந்தான். நாற்பது, நாற்பத்தைந்து வயசு இருக்கும். காலில் ஷூ. தோளில் நீலப் பை. ஒரு காகிதத்தைப் பார்த்துப் பார்த்து வூடு வூடாக எண்ணிக்கொண்டு வந்து அக்கா வூட்டு முன்னால் நின்றான். கதவு சாத்தியிருந்தது. அக்கா தோட்டத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தது. என் வூட்டுப் பின்கதவு வழியாக எனக்குச் சத்தம் கேட்கிறது, அவனுக்குத் தெருவில் கேட்காது. மூன்று தரம் தட்டினான். மெதுவாகத் தட்டினான்.

எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அந்தக் கதவு சாத்தியிருந்தால் சந்து வழியாகத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று. அவனுக்கு எப்படித் தெரியும்?

என் பக்கம் திரும்பினான். "அம்மா, இந்த வூட்ல ஆள் இருக்குதா?" பேச்சு கொஞ்சம் வழுக்கியது, ரொம்ப நாள் தமிழ் பேசாதவன் மாதிரி.

"அடுத்த வூட்டு சமாச்சாரம் எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவன் நின்றான். வெயிலாக இருந்தது. "கொஞ்சம் தண்ணி" என்றான். தண்ணீர் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்கிற வளர்ப்பு இல்லை என்னுடையது. நான் ஒட்டின கப்பு ஒன்றில் மொண்டு குடுத்தேன்.

அவன் காதைப் பிடிக்கவில்லை.

கட்டைவிரலும் நடுவிரலும் வாய்ப்பக்கம் வைத்து, உள்ளங்கைக்குள் பொத்தினாற்போலப் பிடித்துக் குடித்தான். குடித்துவிட்டுக் கீழே போடப் போகிற மாதிரிக் கை தாழ்ந்தது. பிறகு நினைவு வந்து, லேசாகச் சிரித்து, கப்பை என்னிடம் நீட்டினான். சாத்தியிருந்த கதவை ஒரு தரம் பார்த்தான். பஸ் ஸ்டாண்டு போகிற பக்கம் நடந்தான்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து சந்துக்குள் பத்து எட்டு வைத்தால் தோட்டம். "எக்கா" என்று ஒரு குரல் குடுத்தால் போதும். இத்தனை மாசம் கூப்பிடாத வாய், முதலில் நான் கூப்பிடுவதா என்று நின்றுவிட்டது. அவன் தெருமுனை திரும்பினான். கையில் கீரைக்காம்பு இருந்தது, அதையும் உருவி முடித்தேன்.

அவன்தான் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. கல்கத்தாவில் எல்லாரும் அப்படித்தானே கப்பு பிடிப்பார்கள். யாராவது சொல்லி அனுப்பின ஆளாகக்கூட இருக்கலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கப்பில் அதுக்கப்புறம் நான் ஒருவாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

பேச்சு திரும்ப ஆரம்பித்தது என்னால் இல்லை. ஊர் முழுக்கச் சிக்குன்குனியா வந்தது. எனக்கு மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொண்டது. விரல் மடங்கவில்லை. காது ஒட்டுகிற விரல், டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பெண்களைக் கட்டிக் குடுத்தாகிவிட்டது, மாமனார் போய்விட்டார், என் வூட்டுக்காரர் எப்போதோ போய்விட்டார், மகன் திருப்பூரில். தனியாகக் கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் அக்கா கஞ்சியோடு என் தோட்டத்துக் கதவில் நின்றது. உடனே உட்காரவில்லை. எட்டிப் பார்த்தது. நேராகப் போய் என் வூட்டு முன்கதவைச் சாத்தியது. பிறகுதான் வந்து உட்கார்ந்தது.

"என் வூடுக்கா இது" என்றேன்.

"வாயத் தெற" என்றது.

பதினைந்து நாள் ஊட்டியது. கஞ்சி, ரசம், மிளகு தட்டிப்போட்ட டீ. கப்பை நான் ஒட்டின காதைப் பிடிக்காமல், அதே மாதிரிப் பொத்திப் பிடித்து என் வாயில் வைக்கும். ஒவ்வொரு தரமும் எனக்கு அந்தக் கை தெரியும், இன்னொரு கையும் தெரியும். பதினாறாம் நாள் சொல்லிவிட்டேன். கதவு தட்டினது, நீலப் பை, தண்ணீர், கப்பு, பஸ் ஸ்டாண்டு பக்கம் போனது எல்லாம்.

அக்கா கப்பைக் கீழே வைத்தது.

"முடி நரைச்சிருந்துச்சா?"

"காதுகிட்ட கொஞ்சம்."

"ஒல்லியா இருந்தானா?"

"இல்லக்கா. கொஞ்சம் சத போட்டிருந்தான்."

"சாப்புடுறான் போல" என்றது அக்கா.

நான் அழுதேன். "திட்டுக்கா, ரெண்டு அடி அடிக்கா" என்றேன். "கட்டுன புருஷன்கிட்டயே கேக்கல. உன்னயா கேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டது.

அன்றைக்கு அக்கா வூட்டுப் பின்கதவு சாத்தின சத்தம் கேட்டது. அதுக்கப்புறம் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

முன்கதவு திறந்தே கிடந்தது. காலையில் எழுந்ததும் திறக்கும். படுக்கிற வரைக்கும் சாத்தாது. பாத்திரத்தைத் தெருவில் வைத்துக் கழுவியது. துணியைத் தெருவிலேயே துவைத்து வாசலில் கயிறு கட்டிக் காயப்போட்டது. அடி பம்பு தோட்டத்தில் இருந்தது. அதுக்குக்கூடப் பின்கதவைத் திறக்கவில்லை. குடத்தோடு தெரு சுற்றி, சந்து வழியாகத் தோட்டத்துக்குப் போய், அடித்து, மறுபடியும் சுற்றிக்கொண்டு வரும். கக்கூஸுக்கும் அப்படித்தான். கிழவிக்கு முற்றிவிட்டது என்று தெருவில் சிரித்தார்கள். "பின்னாடிதான் கதவு இருக்கே ஆயா" என்று பிள்ளைகள் கத்தும். எனக்கு விரல் மடங்க ஆரம்பித்த பிறகு தண்ணீரை நான் சுமந்தேன். என் தோட்டத்தில் அடித்து, என் வூட்டுக்குள் புகுந்து, தெரு வழியாக அக்கா வாசலில் கொண்டுபோய் வைப்பேன். வேண்டாம் என்றும் சொல்லாது, நல்லது என்றும் சொல்லாது. "வெச்சுட்டு உக்காரு" என்று சொல்லும். ரெண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தெருமுனையைப் பார்ப்போம். நீலப் பையோடு எவன் வந்தாலும் நான் எழுந்து நிற்பேன். மருந்துக் கம்பெனி ஆள், லோன் ஆள், கேபிள் ஆள்.

ஒன்றரை வருஷம். ஒரு ஆனி மாசம் காலையில் டீயோடு போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா பாயில் தலையை வாசல் பக்கம் வைத்துப் படுத்திருந்தது. காலை எழுந்து கதவைத் திறந்துவிட்டு மறுபடி படுத்திருக்கிறது. டீ ஆறுகிற வரைக்கும் நான் யாரையும் கூப்பிடவில்லை.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அக்காவோட தம்பி மகன் பின்கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தான். "முன்கதவு திறந்திருக்குது, அதத் தொடாத" என்று கத்திவிட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அத்தனை குடமும் தெரு சுற்றித்தான் வந்தது.

பிறகு வூட்டுச் சொந்தக்காரர் ரெண்டு கதவுக்கும் பூட்டுப் போட்டார். ரெண்டு மூன்று பேர் குடி வந்தார்கள், போனார்கள். இப்போது யாரும் இல்லை. ஓடு சரிந்து கிடக்கிறது. எனக்கு எழுபத்து மூன்று ஆகிறது. காது ஒட்டுகிற வேலையை விட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது. தெருவில் அந்தக் காலத்து ஆள் நான் ஒருத்திதான் மிச்சம்.

என் வூட்டில் ரெண்டு கதவும் நாள் முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. தெருவில் நிற்கிறவனுக்குத் தோட்டத்து முருங்கை மரம் வரைக்கும் தெரியும், நடுவில் நான் குந்தியிருப்பதும் தெரியும். நாய் ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போகிறது. திருப்பூரிலிருந்து மகன் போன் பண்ணும்போதெல்லாம், "காலம் கெட்டுக் கெடக்குது, ஒரு கதவயாவது சாத்தி வையேம்மா" என்கிறான். சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். வாசல் ஓரத்தில் தண்ணீர்க் குடமும் காது இல்லாத ஒரு கப்பும் வைத்திருக்கிறேன். நான் ஒட்டினதுதான், நானேதான் உடைத்து எடுத்தேன்.

ஆறு உள்ளே வந்தால் வரட்டும்.